அறுத்த தாள் துளிர்த்து நிற்கிறது: விடலாமா, உழலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவாரூர்ப் பக்கம் ஏழு மா நிலம் (மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர்). குறுவைக்கு, அதாவது குறுகிய கால நெல் பருவத்துக்கு, ஆடுதுறை 43 ரகம் போட்டு, புரட்டாசி முதல் வாரத்தில் மிஷின் விட்டு அறுத்திருக்கிறார்கள். பத்தே நாளில் தாளெல்லாம், அதாவது அறுத்தபின் நிற்கும் அடித்தண்டெல்லாம், பச்சை கட்டித் துளிர்த்துவிட்டது. விதை வேண்டாம், நாற்றங்கால் வேண்டாம், நடவுக்கூலி வேண்டாம், இதையே விட்டால் இன்னொரு வெள்ளாமை வருமே என்று ஆசை. ஆனால் போன தையில் நாட்டுச் சம்பா அறுத்த வயலில் இதேபோல விட்டுப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். முழங்கால் உயரம்கூட வராமல் கதிர் தள்ளி, கதிருக்குப் பத்து இருபது மணிதான் கண்டது. மண்ணும் அதே மண், தண்ணீரும் அதே தண்ணீர். இது ரகத்தின் கோளாறா, பட்டத்தின் (பயிர்ப் பருவத்தின்) கோளாறா?

இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. எந்த ரகம் எந்தப் பட்டத்தில் அறுபட்டது என்பதுதான் கேள்வி. அறுத்த தாளிலிருந்து மறுபடி எழுகிற பயிர்தான் மறுதாம்பு. அதற்கு நீங்கள் விதைத்த தேதி கணக்கே இல்லை, அறுத்த தேதிதான் அதற்கு விதைத்த தேதி. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் அந்தத் துளிர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வயலில் இறங்கி ஒரு தாளைப் பிடுங்கி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் இலை உறைக்கு அடியில் அரிசிமணி அளவுக்கு ஒரு மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி நசநசவென்று இருந்தால் செத்தது. கதிர் இருந்தவரைக்கும் தாய்ப்பயிர் தன் சத்தையெல்லாம் அதற்குத்தான் அனுப்பியது, மொட்டுகள் தூங்கின. கதிரை வெட்டியதும் மொட்டு விழிக்கிறது. வேர் பழைய வேர், தாளில் மிச்சமிருக்கும் மாவுச்சத்துதான் அதற்கு முதல் சாப்பாடு. புது இலை விரிந்து வெயில் வாங்கும்வரை அந்தச் சேமிப்பில்தான் அது வாழணும்.

பட்டம் இங்கேயே கைவைத்துவிடுகிறது. தாய்ப்பயிர் பால் பிடிக்கும் காலத்தில் நல்ல வெயில் அடித்திருந்தால் மணிக்குப் போனது போகத் தாளிலும் கொஞ்சம் தங்கும். மூட்டமான வானத்தில் முற்றிய பயிர், தாளில் இருந்ததையும் உருவி மணிக்குக் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட தாள் துளிர்க்கும், ஆனால் துளிர்த்த வேகத்தில் சோர்ந்துவிடும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பிருந்து வயலைக் காயப்போட்டு, மிஷின் இறங்கத் தோதாக மண் வெடிப்பு விட்டிருந்தால் வேரும் அறுந்திருக்கும். கதிர் பழுத்த பிறகும் தண்டு பச்சை மாறாமல் நிற்கிற ரகங்கள் மறுதாம்புக்கு ஏன் நன்றாக வருகின்றன என்பதற்கும் இதுதான் காரணம். கதிரோடு சேர்ந்து தாளும் வைக்கோலாகிவிடுகிற ரகத்தில் மொட்டுக்குச் சாப்பாடு கிடையாது.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மறுதாம்பு அடுத்த தலைமுறை இல்லை. அதே செடிதான். வீரிய ஒட்டு ரகத்தில் அறுத்த நெல்லை எடுத்து விதைத்தால் குணம் பிரியும், ஆனால் அதன் தாளிலிருந்து வரும் துளிரில் குணம் பிரியாது. ஆகவே மறுதாம்பில் விளைச்சல் குறைந்தால் "ரகம் கெட்டுப்போச்சு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ரகம் அப்படியேதான் இருக்கிறது. அது பார்க்கிற வானம்தான் மாறியிருக்கிறது.

இனி உங்கள் நாட்டுச் சம்பாவுக்கு வருவோம். நெல் பொதுவாகப் பகல் குறையும்போது பூக்கிற பயிர். தஞ்சாவூர் இருக்கிற அட்சரேகையில் ஜூன் கடைசியில் பகல் சுமார் 12 மணி 45 நிமிஷம், டிசம்பர் கடைசியில் சுமார் 11 மணி 30 நிமிஷம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். நமக்கு அது தெரிவதுகூட இல்லை. பழைய சம்பா ரகங்கள் பலவற்றுக்கு அந்த வித்தியாசம்தான் நாட்காட்டி. ஆனியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் பகல் சுருங்குகிற ஐப்பசி, கார்த்திகையில்தான் அவை கதிர் தள்ளும். சீக்கிரம் விதைத்தால் வயது நீளும், தாமதமாக விதைத்தால் வயது குறையும், பூக்கிற காலம் பெரிதாக நகராது.

இப்போது அதே செடியைத் தையில் அறுக்கிறீர்கள். பகல் இன்னும் பன்னிரண்டு மணிக்குக் குறைவாகத்தான் இருக்கிறது. மொட்டு விழித்து எட்டிப் பார்க்கிறது, பகல் குட்டையாகத் தெரிகிறது, "பூக்கிற நேரம் வந்துவிட்டது" என்று முடிவுகட்டிவிடுகிறது. இலை போடவில்லை, தூர் கட்டவில்லை, உயரவில்லை. நாலு இலை விட்டதும் கதிர். அந்தக் கதிரில் மணி எங்கிருந்து வரும்? உங்களுக்கு நடந்தது இதுதான். உரம் போட்டிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது.

ஆனால் அதே குணத்தை நம் முன்னோர் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். டெல்டாவில் குறுவை விதையோடு ஒட்டடையான் விதையைக் கலந்து விதைக்கும் பழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. ஒட்டடையான் இருநூறு நாள் வயதுள்ள ரகம். குறுவை நூறு நாள் சொச்சத்தில் முற்றும். அதை அறுக்கும்போது பக்கத்தில் நிற்கிற ஒட்டடையானும் சேர்ந்தே அறுபடும், ஆனால் அது அப்போது கதிர் தள்ளியிருக்காது, வெறும் பச்சைத் தழைதான். பகல் இன்னும் போதுமான அளவு சுருங்கவில்லை என்பதால் அது வளர்ச்சிப் பருவத்திலேயே நிற்கிறது. அறுபட்ட தாளில் சேமிப்பு அத்தனையும் பத்திரமாக இருக்கிறது, ஏனென்றால் இன்னும் ஒரு மணியும் அது விளைவிக்கவில்லை. மழைத் தண்ணீரில் தழைத்து எழுந்து, பகல் சுருங்கியதும் பூத்து, தை மாசியில் அறுவடைக்கு வரும். ஒரே உழவு, ஒரே விதைப்பு, இரண்டு அறுவடை. கேரளத்தில் விரிப்பு (முதல் போகம்), முண்டகன் (இரண்டாம் போகம்) விதைகளைக் கலந்து விதைத்த 'கூட்டுமுண்டகன்' முறையும் இதே தந்திரம்தான். விரிப்பு ஆகஸ்ட், செப்டம்பரில் அறுபடும், முண்டகன் தாளிலிருந்து எழுந்து டிசம்பர், ஜனவரியில் அறுவடையாகும்.

பகல் நீளம் பார்க்கிற ரகத்தைப் பூக்கும் முன் அறுத்தால் அது மறுதாம்புக்குப் பொன். பூத்துக் காய்த்த பிறகு தையில் அறுத்தால் மாட்டுத் தீவனம்.

உங்கள் ஆடுதுறை 43 அப்படிப்பட்டதில்லை. 1966-இல் வந்த ஐ.ஆர். 8 தொடங்கி நம் குறுகிய கால ரகங்கள் பெரும்பாலும் பகல் நீளத்தைச் சட்டை செய்யாதவை. 110 நாள் என்றால் எப்போது போட்டாலும் ஏறக்குறைய 110 நாள். அதன் மறுதாம்பும் அப்படியே. அறுத்ததிலிருந்து ஏறக்குறைய முப்பது நாளில் பூ, அறுபது நாள் வாக்கில் அறுவடை என்று கணக்குப் போடலாம். குளிர் இருந்தால் சில நாள் தள்ளும், மேல் கணுத் துளிராக இருந்தால் முந்தும். விளைச்சல் தாய்ப்பயிரில் பாதி வந்தால் அது நல்ல மறுதாம்பு.

"அப்போ விடலாம்தானே?" என்று கேட்பீர்கள். நாட்காட்டியைக் கொஞ்சம் எடுங்கள். புரட்டாசி முதல் வாரத்தில் அறுத்தீர்கள். முப்பது நாள் கூட்டினால் ஐப்பசித் தொடக்கம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். உங்கள் மறுதாம்பு பூக்கப் போவது சரியாக அந்த வாரம். நெல் பூ காலையில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் விரிந்திருக்கும். அந்த நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் போய்விடும், பதர்தான் மிஞ்சும். தப்பித்துப் பால் பிடித்தால், அறுவடை கார்த்திகை முதல் வாரத்தில். திருவாரூரில் கார்த்திகையில் நெல் அறுத்துக் காயவைப்பது என்றால் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்கும் முன்பே ஒரு ஆபத்து இருக்கிறது. மிஷின் அறுத்த தாள் வெட்டுவாய் திறந்து கிடக்கும் குழாய். ஒரே ராத்திரி பெய்த மழையில் தண்ணீர் அந்த வெட்டுவாய்க்கு மேலே ஏறி இரண்டு மூன்று நாள் நின்றால் மொட்டு அழுகிவிடும். தாழ்வாக அறுத்தால் கீழ்க்கணுவிலிருந்து திடமான துளிர் வரும், ஆனால் முழுகும் ஆபத்து அதிகம். ஒரு சாண் உயரம் விட்டு அறுத்தால் முழுகாது, ஆனால் மேல் கணுத் துளிர் சீக்கிரம் பூத்துச் சின்னக் கதிர் வைக்கும், கீழ்க்கணு பின்தங்கும். ஒரே குத்தில் ஒரு கதிர் பழுத்திருக்கும், இன்னொன்று பால் பிடித்துக்கொண்டிருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கருவியைக் குத்தும்போது இந்தப் பச்சை மணிதான் காட்டிக்கொடுக்கும். மிஷினின் பெல்ட் ஏறிய தடத்தில் தாள் நசுங்கிப் போயிருக்கும், அங்கே மறுதாம்பே கிடையாது. கை அறுவடைக் காலத்தில் மறுதாம்பு ஓடியதற்கும் இப்போது ஓடாததற்கும் பாதிக் காரணம் அந்தத் தடம்தான் என்பது என் அபிப்பிராயம்.

சரி, அப்போ டெல்டாவில் மறுதாம்புக்கு எந்தப் பட்டம்? வானத்தை மட்டும் பார்த்தால் தை அறுவடைதான். தை நடுவில் அறுத்தால் மாசி நடுவில் பூ, பங்குனியில் அறுவடை. மழை இல்லை, வெயில் கொட்டிக் கிடக்கிறது, பூக்கும்போது வெயில் இன்னும் முப்பத்தைந்து பாகையை (டிகிரி செல்சியஸ்) தாண்டிச் சுடத் தொடங்கியிருக்காது. அந்த அளவைத் தாண்டினால் நெல் பூவில் மகரந்தம் மலடாகும், சித்திரை மறுதாம்பு பதராவதற்கு அதுவே காரணம். இந்தத் தைக் கணக்குக்கு, சம்பாவாக இருந்தாலும் தாளடியாக (குறுவை அறுத்த வயலில் அடுத்து நடும் நெல்) இருந்தாலும், பகல் நீளம் பார்க்காத மத்திய கால ரகம் வேண்டும். அப்புறம் தண்ணீர் வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. நீங்கள் தை நடுவில் அறுத்த தாளுக்குத் தண்ணீர் வேண்டிய சமயத்தில் ஆறு வறண்டுவிடும். ஆகவே ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவருக்குத்தான் அது.

கிணறு இருந்தாலும் நான் அந்த வயலில் உளுந்துதான் தெளிப்பேன். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு சம்பாவின் ஈரத்திலேயே விதைத்துவிட்டால் மீதி ஈரத்திலும் பனியிலும் அது வந்துவிடும். உளுந்து வயலில் தாள் துளிர்த்தால் அது களைதான். அதோடு மறுதாம்பு நிற்கிற வயல் பூச்சிக்கு விடுமுறை விடாது. தண்டு துளைப்பான் புழு தாளுக்குள்ளேயே படுத்திருக்கும், பச்சைத் தத்துப்பூச்சி துங்ரோ நோயை ஒரு பட்டத்திலிருந்து அடுத்த பட்டத்துக்குக் கொண்டுபோக அது ஒரு பாலம். உங்கள் ஆசைக்குப் பக்கத்து வயல்காரரும் விலை கொடுப்பார்.

நெல்லைக் காட்டிலும் மறுதாம்புக்கு நம் ஊரில் பொருத்தமானது சோளம். இதைக் கொங்குப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டால் நாள் பூராவும் பேசுவார்கள். தைப் பட்டத்தில் இறவையில் விதைத்த சோளம் சித்திரை, வைகாசியில் அறுவடைக்கு வரும். அறுத்த தாள் கிளம்புகிற நேரம் ஆனி, ஆடிக் காற்று. வெக்கை தணிந்திருக்கும், மேகம் வந்து போகும், ஆனால் கொட்டித் தீர்க்காது. மறுதாம்பு தாய்ப்பயிரைவிட ஏறக்குறைய பதினைந்து நாள் முன்னதாகவே முற்றி, வடகிழக்கு மழைக்கு முன் களத்துக்கு வந்துவிடும். பட்டம் இவ்வளவு அழகாகப் பொருந்துவது நெல்லில் கிடையாது. மறுபக்கம், புரட்டாசியில் மானாவாரியாக விதைத்துத் தையில் அறுக்கிற சோளத்தின் தாளும் துளிர்க்கத்தான் செய்யும், ஆனால் எதை நம்பி? அடுத்த மழைக்கு நாலு மாசம் இருக்கிறது.

சோளத்தில் செய்முறையும் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் விட்டு அறுக்கணும். அறுத்த ஒரு நாளுக்குள் தண்ணீர் கட்டணும், தள்ளிப்போட்டால் துளிர்ப்பு குறையும். முதலில் வருகிற இரண்டு துளிரைக் கிள்ளி எறிந்துவிட்டு, பின்னால் வருகிற இரண்டை மட்டும் விடணும். பலருக்கு இது மனசு கேட்காது. முந்தி வந்தது மேல் கணுத் துளிர், அதற்குச் சொந்த வேர் பிடிக்காது, ஆடிக் காற்றில் சாய்ந்துவிடும். பிந்தி வருவது மண்ணை ஒட்டிய கணுவிலிருந்து வந்து தானே வேர் விடும். பதினைந்தாம் நாள் களையெடுத்துத் தழைச்சத்து ஒரு பங்கு, நாற்பத்தைந்தாம் நாள் இன்னொரு பங்கு.

ஆனால் சோளத் துளிரில் ஒரு எமன் இருக்கிறான். இளம் சோளத் தழையில் சயனைடாக மாறக்கூடிய ஒரு சத்து இருக்கிறது. மழை பெய்து ஈரம் இருக்கும்போது அது குறைவு. கோடையில் தண்ணீர் காட்டாமல் வாடி நிற்கிற மறுதாம்பில் அது ஏறிவிடும். எங்கள் தெருவில் ஒரு சித்திரை மாதம், சோளம் அறுத்த கொல்லையில் கயிறு அறுத்துக்கொண்டு போன கறவை மாடு ஒன்று, அரை அடி உயரத் துளிரை வாய் நிறைய மேய்ந்தது. வீட்டுக்கு ஓட்டிவருவதற்குள் மூச்சு வாங்கி, கால் பின்னி விழுந்துவிட்டது. டாக்டர் பக்கத்துத் தெருவில் இருந்ததால் ஊசி போட்டுப் பிழைத்தது. முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள சோளத் துளிரில், அதுவும் வாடியதில், மாட்டை விடவே கூடாது. பூவெடுத்த பிறகு அறுத்துப் போடுங்கள், காயவைத்த தட்டையில் பயமில்லை. தீவனத்துக்கென்றே வந்த கோ. எப்.எஸ். 29 மாதிரி பலமுறை அறுக்கும் ரகங்களுக்குக்கூட முதல் அறுப்பு 65 நாளில், அப்புறம் 50 நாளுக்கு ஒன்று என்று இடைவெளி வைத்திருக்கிறார்கள்.

கம்பும் கொஞ்சம் துளிர்க்கும். மக்காச்சோளத்தில் இந்த வேலையே வேண்டாம், அது துளிர்த்து மகசூல் தராது.

வெளிநாட்டில் இது பெரிய அளவில் நடக்கிறதே என்று சிலர் வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். நடக்கிறது, ஆனால் எதற்காக என்று பாருங்கள். அமெரிக்காவின் லூசியானாவில் தாய்ப்பயிரை ஆகஸ்ட் 15-க்குள் அறுத்தால்தான் மறுதாம்பு விடலாம் என்று கறாராகச் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு அறுத்தால் பூக்கிற நேரத்தில் குளிர் வந்துவிடும். சீனாவில் சிச்சுவான், ஹூபே, ஃபூஜியன் பகுதிகளிலும் அதே கவலைதான். ஒரு போகத்துக்கு வெயில் மிச்சம், இரண்டு போகத்துக்குப் பற்றாது, அந்த இடைவெளியில் மறுதாம்பு கச்சிதமாக உட்கார்கிறது. சராசரி வெப்பம் 22 பாகைக்குக் கீழே இறங்குவதற்குள் கதிர் வெளிவந்துவிட வேண்டும் என்பது அங்கே கணக்கு. நமக்கு வெயில் பற்றாக்குறை கிடையாது. அவர்கள் குளிருக்குப் பயந்து தேதி வைக்கிறார்கள், நாம் ஐப்பசி மழைக்கும் மேட்டூர் மூடுகிற நாளுக்கும் பயந்து தேதி வைக்கணும். யுன்னானில் ஆப்பிரிக்கக் காட்டு நெல்லோடு கலப்பு செய்து 2018-இல் வெளியிட்ட பி.ஆர். 23 என்ற பல்லாண்டு நெல், ஒரு நடவில் நாலு வருஷம் எட்டு அறுவடை கொடுத்திருக்கிறது. அது தாளை விட மண்ணுக்கடியில் இருக்கிற கிழங்குத் தண்டை நம்பி எழுகிற செடி, நம் ஆடுதுறை ரகத்தோடு ஒப்பிட முடியாது. நம் பட்டத்துக்கு அருகில் வருவது சுமத்ராவின் மேற்குப் பகுதியில் செய்கிற 'சாலிபு' முறைதான். அறுவடைக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து, தாளை மறுபடி மூன்று ஐந்து சென்டிமீட்டருக்குத் தரையோடு வெட்டிவிடுகிறார்கள். துளிரெல்லாம் அடியிலிருந்து ஒரே சீராக வரும், தனி வேர் விடும். ஆனால் வயலில் தண்ணீரை விரல் நுனியில் கட்டுப்படுத்துகிறவருக்குத்தான் அது. ஐப்பசி டெல்டாவில் அந்த வேலைக்கு இடமே இல்லை.

உங்கள் ஏழு மாவுக்கு என்ன செய்வது? ஆறு மாவை இந்த வாரமே உழுது தாளடிக்குத் தயார் செய்யுங்கள். கார்த்திகை வரை மறுதாம்புக்குக் காத்திருந்தால் தாளடிப் பட்டமும் போய்விடும். அப்புறம் நட்ட பயிர் மேட்டூர் மூடிய பிறகு பால் பிடிக்கும், தண்ணீருக்கு அல்லாட வேண்டியிருக்கும். உழும்போது துளிர் மண்ணுக்குள் போகட்டும், நல்ல பச்சைத் தழைதான் அது.

மீதி ஒரு மாவில் உங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம், அதுவும் மேடான வயலாக, வடிகால் உள்ளதாக இருந்தால் மட்டும். பத்துத் தாளைப் பல இடத்தில் பிடுங்கிப் பிளந்து பாருங்கள். ஏழெட்டில் கீழ்க்கணு மொட்டு பச்சையாக இருந்தால் விடுங்கள். யூரியா அறுத்த மூன்று நாலு நாளில் போட்டிருக்கணும், உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டது, இன்றைக்கே கொஞ்சம் வீசி, சேறு நனைகிற அளவு மட்டும் தண்ணீர் வையுங்கள். ஐப்பசி பிறந்து, கதிர் வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டால் நெல்லுக்காகக் காத்திருக்காதீர்கள். தொண்டைக்கதிரோடு (கதிர் உறையை விட்டு முழுசாக வெளிவராத நிலையில்) அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுங்கள், நெல் தழையில் சோளத்தின் பயம் கிடையாது.